கணைக்கால் எலும்பு முறிவு அறுவைக்குப் பிந்தைய முழங்கால் வலி

கணைக்கால் எலும்பு முறிவு அறுவைக்குப் பிந்தைய முழங்கால் வலி என்பது, முறிந்த கணைக்கால் உள்ளெலும்பை அறுவை மூலம் பொருத்திய பின்னர், முறிவு ஏற்பட்ட இடத்தில் அல்லாமல் முழங்காலின் முன்பகுதியில் தோன்றி நீடிக்கும் வலியாகும். எலும்பின் உட்குழலில் உலோக ஆணியைச் செலுத்திப் பொருத்தும் அறுவைக்குப் பின்னரே இது மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வறுவையின் பின்விளைவுகளுள் மிகப் பரவலானது இதுவே ஆகும். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2006 ஆம் ஆண்டில் வெளியான ஒரு மீளாய்வின்படி, கணைக்கால் எலும்பில் ஆணி பொருத்தப்பட்டவர்களில் சராசரியாக 47 விழுக்காட்டினருக்கு இவ்வலி இருந்தது. தனித்தனி ஆய்வுகளில் இவ்வளவு 10 விழுக்காடு முதல் 86 விழுக்காடு வரை வேறுபட்டது.

எலும்பு நன்கு கூடி, ஊடுகதிர்ப் படத்தில் எவ்விதக் குறையும் தெரியாத நிலையிலும் இவ்வலி இருக்கக்கூடும். இதனால் நோயாளிகள் தமது எலும்பு கூடவில்லையோ என்று அஞ்சுவதும், சுற்றியிருப்போர் வலியைக் கற்பனை என்று ஒதுக்குவதும் உண்டு. இவ்விரண்டும் சரியல்ல. இவ்வலி பெரும்பாலும் ஆபத்தற்றது, ஆயினும் உண்மையானது. மண்டியிடுதல், குந்தியிருத்தல், மாடிப்படி ஏறுதல் போன்ற அன்றாடச் செயல்களை இது கடினமாக்குகிறது.

உடற்கூற்றியல் பின்னணி

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறத்தில் உள்ள பெரிய எலும்பு கணைக்கால் உள்ளெலும்பு என்றும், வெளிப்புறத்தில் உள்ள மெல்லிய எலும்பு கணைக்கால் வெளியெலும்பு என்றும் அழைக்கப்படுகின்றன. உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளெலும்பே. இதன் மேல்முனை தட்டையாக விரிந்து, தொடையெலும்பின் கீழ்முனையுடன் சேர்ந்து முழங்கால் மூட்டை உருவாக்குகிறது. இதன் முன்-உட்பக்கத்தில் தசைப் போர்வை கிடையாது. தோலுக்கு நேர் கீழே எலும்பு அமைந்துள்ளது. காலின் முன்பக்கத்தைத் தடவினால் கையில் தட்டுப்படும் கூரான விளிம்பு இவ்வெலும்பினுடையதே. இக்காரணத்தால், முறிவின்போது எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் திறந்த முறிவு, உடலின் நீள எலும்புகளுள் இவ்வெலும்பிலேயே அதிகமாக நிகழ்கிறது.

முழங்கால் வலியைப் புரிந்துகொள்ள, மூட்டின் முன்பகுதியில் உள்ள பின்வரும் உறுப்புகளை அறிந்திருத்தல் வேண்டும்:

- முழங்காற்சில்லு: முழங்காலின் முன்னே உள்ள சிறிய, ஏறக்குறைய முக்கோண வடிவ எலும்பு. இதன் பின்பரப்பு தடித்த குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும்.
- சில்லுத் தசைநாண்: முழங்காற்சில்லின் கீழ்முனையைக் கணைக்கால் உள்ளெலும்பின் முன்புடைப்புடன் இணைக்கும் வலிமையான பட்டை. தொடைத்தசை சுருங்கும்போது உண்டாகும் இழுவிசை இதன் வழியாகவே காலுக்குக் கடத்தப்பட்டு முழங்கால் நீள்கிறது.
- கொழுப்பு மெத்தை: சில்லுத் தசைநாணுக்குப் பின்னால், மூட்டின் உள்ளுறைக்கு வெளியே அமைந்துள்ள கொழுப்புத் திசு. நரம்பு முனைகள் மிகுதியாக உள்ளமையால் இது வலியுணர்வு மிக்கது.
- பிறைக் குருத்தெலும்புகள்: மூட்டின் உள்ளே, இரு எலும்புகளுக்கும் இடையில் அதிர்வு தாங்கிகளாகச் செயற்படும் பிறை வடிவக் குருத்தெலும்புகள்.
- சஃபீனசு நரம்பின் சில்லுக்கீழ்க் கிளை: முழங்காலின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிச் சில்லின் கீழாகக் குறுக்கே செல்லும் மெல்லிய உணர்ச்சி நரம்பு. இது முழங்காலின் முன்பகுதித் தோலுக்கு உணர்ச்சியைத் தருகிறது.

கணைக்கால் எலும்பின் உட்குழலுக்குள் ஆணியை மேலிருந்து செலுத்த வேண்டுமாயின், மேற்கூறிய உறுப்புகள் நெருக்கமாக அமைந்துள்ள இச்சிறு இடத்தின் வழியாகவே செல்ல வேண்டும். முறிவு காலின் நடுவில் இருந்தாலும் வலி முழங்காலில் தோன்றுவதற்கான அடிப்படை இதுவே.

எலும்புள் ஆணி பொருத்தும் அறுவை

வளர்ந்தோரின் கணைக்கால் எலும்புத் தண்டில் ஏற்படும் இடம்பெயர்ந்த முறிவுகளுக்கு, எலும்பின் உட்குழலில் ஆணி பொருத்துதல் இன்று வழக்கமான மருத்துவமாக உள்ளது. பேச்சு வழக்கில் இதனை ‘ராடு வைத்தல்’ என்பர். துருப்பிடிக்கா எஃகு அல்லது டைட்டேனியக் கலப்புலோகத்தால் ஆன நீண்ட ஆணி, எலும்பின் மேல்முனையில் இடப்படும் துளை வழியாக உட்குழலில் இறக்கப்படுகிறது. பின்னர் ஆணியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள துளைகளின் வழியே குறுக்குத் திருகாணிகள் செலுத்தப்படுகின்றன. இத்திருகாணிகள், முறிந்த துண்டுகள் சுழலாமலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகாமலும் தடுக்கின்றன.

முறிவு நிகழ்ந்த இடத்தைப் பிளந்து திறக்கத் தேவையில்லை என்பது இம்முறையின் முதன்மையான நன்மையாகும். அதனால் முறிவைச் சுற்றியுள்ள இரத்த ஓட்டம் பெரிதும் காக்கப்படுகிறது. மாவுக்கட்டில் பல மாதங்கள் கிடக்காமல், நோயாளி விரைவில் முழங்காலையும் கணுக்காலையும் அசைத்து நடக்கத் தொடங்கலாம். முழங்கால் வலி என்பது இந்நன்மைகளுக்கு ஈடாக நேரும் ஒரு பின்விளைவு என்றே கருதப்படுகிறது.

குழந்தைகளுக்கு இவ்வகைக் கெட்டியான ஆணி பொதுவாகப் பயன்படுத்தப்படுவதில்லை. எலும்பின் மேல்முனையில் உள்ள வளர்தட்டை ஆணி ஊடுருவினால் எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதே இதற்குக் காரணம். அவர்களுக்கு மாவுக்கட்டு, அல்லது வளர்தட்டைத் தவிர்த்துச் செலுத்தப்படும் மெல்லிய வளையும் கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன.

வரலாறு

எலும்புள் ஆணி முறையை இன்றைய வடிவில் தொடங்கி வைத்தவர் செருமனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் (1900–1972) ஆவார். இவர் கீல் நகரில் 1939 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு தொடையெலும்பு முறிவுக்கு இம்முறையைப் பயன்படுத்தினார். 1940 ஆம் ஆண்டில் பெர்லினில் நடந்த அறுவை மருத்துவர் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது பலர் ஐயத்துடனேயே நோக்கினர். இரண்டாம் உலகப் போரின் முடிவில், செருமனியில் சிறைப்பட்டிருந்த போர்வீரர்கள் காலுக்குள் ஆணியுடன் தாயகம் திரும்பியதைக் கண்ட பிறகே பிற நாட்டு மருத்துவர்களின் கவனம் இம்முறையின் பக்கம் திரும்பியது.

தொடையெலும்பைப் போலக் கணைக்கால் எலும்பில் ஆணியை நேராகச் செலுத்த இயலாது. ஏனெனில் உட்குழலின் நேர் மேலே முழங்கால் மூட்டுப் பரப்பு உள்ளது. எனவே ஆணியை மூட்டுப் பரப்புக்குச் சற்று முன்னிருந்து சாய்வாக உட்செலுத்த வேண்டும். இதற்கேற்ப மேல்முனையில் வளைவுடைய ஆணியை ஹெர்சோக் என்பவர் 1950 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். இவ்வளைவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1970களில் கிளெம், ஷெல்மான் ஆகியோரும், பின்னர் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் குரோசு, கெம்ப் ஆகியோரும் குறுக்குத் திருகாணிகளுடன் கூடிய ஆணிகளை மேம்படுத்தினர். அதன் பின்னர் சிக்கலான முறிவுகளுக்கும் ஆணி பயன்படலாயிற்று. ஆணி பொருத்தப்பட்டோரின் எண்ணிக்கை பெருகியபோது, எலும்பு கூடிய பின்னும் முழங்கால் வலிப்பதாகக் கூறுவோரின் எண்ணிக்கையும் பெருகியது. 1990களில் இதுபற்றிய தனி ஆய்வுகள் வெளிவரத் தொடங்கின.

பரவல்

இசுக்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் கோர்ட்-பிரவுனும் உடன்பணியாற்றியோரும் 169 நோயாளிகளை ஆராய்ந்து 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் அதிகம் சுட்டப்படும் ஒன்றாகும். அதன்படி 56 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட முழங்கால் வலி இருந்தது. வலியுடையோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மண்டியிடும்போது வலியை உணர்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஓய்வாக இருக்கும்போதும் வலித்தது. வலியுடையோர் வலியற்றோரை விட இளம் வயதினராக இருந்தனர். இளையோர் முழங்காலுக்கு அதிக வேலை கொடுப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அதே ஆண்டில் கீட்டிங்கும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 57 விழுக்காட்டினருக்கு வலி இருந்தது.

ஆய்வுகளுக்கிடையே பெரும் வேறுபாடு காணப்படுவதற்குப் பல காரணங்கள் உள்ளன. எதனை ‘வலி’ என்று கணக்கிடுவது, அறுவைக்குப் பின் எத்தனை மாதங்கள் கழித்துக் கேட்பது, மண்டியிட்டுக் காட்டச் சொல்லிச் சோதிப்பதா வெறுமனே வினவுவதா என்பன ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. தானாக வலியைப் பற்றிப் பேசாத நோயாளியும், ‘மண்டியிட முடிகிறதா?’ என்று குறிப்பாகக் கேட்டால் இல்லை என்று கூறுவதுண்டு.

அறிகுறிகள்

வலி பெரும்பாலும் முழங்காற்சில்லின் கீழ்முனைக்கும் கணைக்கால் எலும்பின் முன்புடைப்புக்கும் இடைப்பட்ட பகுதியில், அறுவைத் தழும்பை ஒட்டி உணரப்படுகிறது. பின்வரும் செயல்களின்போது அது மிகுகிறது:

- மண்டியிடுதல்
- குந்தியிருத்தல், குந்தியிருந்து எழுதல்
- மாடிப்படிகளில் ஏறுதல், இறங்குதல்
- முழங்காலை மடக்கியவாறு நெடுநேரம் உட்கார்ந்திருத்தல்
- ஓடுதல், குதித்தல்

தழும்பைத் தொட்டால் கூச்சமோ மின்பாய்வது போன்ற உணர்வோ ஏற்படலாம். தழும்பின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்துப் போயிருப்பதும் பொதுவானது. சிலருக்குத் தொடைத்தசை மெலிந்து, அறுவை செய்த காலின் தொடை மற்றதை விடச் சிறுத்துக் காணப்படும். சமதரையில் நடப்பது பெரும்பாலோருக்குக் கடினமாக இருப்பதில்லை.

மண்டியிடும்போது வலி மிகுவதற்குக் காரணம் எளிது. அப்போது உடல் எடை கணைக்கால் எலும்பின் முன்புடைப்பின் மேலும் சில்லுத் தசைநாணின் மேலும் நேரடியாக அழுந்துகிறது. தழும்பும் ஆணி நுழைந்த துளையும் இருப்பது அவ்விடத்திலேயே. குந்தியிருக்கும்போது, முழங்காற்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்காகிறது.

காரணங்கள்

இவ்வலிக்கு ஒரே காரணத்தைச் சுட்ட இயலாது. பல காரணங்கள் சேர்ந்தே இதனை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது.

தசைநாணும் கொழுப்பு மெத்தையும்

ஆணியைச் செலுத்த, சில்லுத் தசைநாணை நடுவில் நெடுக்காகப் பிளந்து செல்லலாம். அல்லது அதனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் செல்லலாம். தசைநாணைப் பிளப்பதே வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1997 ஆம் ஆண்டின் கீட்டிங் ஆய்வில், தசைநாண் பிளக்கப்பட்டவர்களில் 77 விழுக்காட்டினருக்கும் ஒதுக்கப்பட்டவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் வலி இருந்தமை இந்நம்பிக்கையை வலுப்படுத்தியது. ஆனால் அவ்வாய்வில் நோயாளிகள் சீட்டுக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை.

பின்லாந்தின் தம்பெரே நகரில் தொய்வானென், வைஸ்தோ ஆகியோர் உள்ளிட்ட குழு, 50 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பிரித்து ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. இறுதிவரை பின்தொடரப்பட்டவர்களுள், தசைநாண் பிளக்கப்பட்ட 21 பேரில் 14 பேருக்கும், ஒதுக்கப்பட்ட 21 பேரில் 15 பேருக்கும் வலி இருந்தது. அதாவது இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசைநாணைத் தவிர்த்தாலும் அதன் பின்னுள்ள கொழுப்பு மெத்தையை ஆணி கடந்தே செல்ல வேண்டியுள்ளது. அங்கு உண்டாகும் தழும்புத் திசு வலிக்கு ஒரு மூலமாகக் கருதப்படுகிறது.

நரம்புக் காயம்

முழங்காலின் கீழ் நெடுக்காக இடப்படும் வெட்டு, குறுக்கே செல்லும் சஃபீனசு நரம்பின் கிளையைச் சேதப்படுத்தக்கூடும். அறுபட்ட நரம்பின் முனையில் சிறு முடிச்சுப் போன்ற வளர்ச்சி தோன்றினால், அதன்மீது அழுத்தம் படும்போதெல்லாம் சுருக்கென வலிக்கும். தழும்பருகே மரத்துப் போதலும் தொட்டால் கூசுதலும் சேர்ந்திருந்தால் மருத்துவர் இக்காரணத்தை எண்ணிப் பார்ப்பார்.

மூட்டின் உட்பகுதிக் காயம்

ஆணி நுழையும் இடம் மிகச் சிறியது. டொர்னெட்டாவும் உடன்பணியாற்றியோரும் இறந்தோரின் கால்களை ஆராய்ந்து 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மூட்டின் உள்ளுறுப்புகளுக்குச் சேதம் ஏற்படாத பாதுகாப்பான பகுதியின் அகலம் சராசரியாக ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் மட்டுமே. அதன் மையம், எலும்பின் மேற்பரப்பு நடுக்கோட்டிலிருந்து சுமார் 9 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக அமைந்துள்ளது. ஆணியோ துளையிடும் கருவியோ இப்பகுதியை விட்டு விலகினால், பிறைக் குருத்தெலும்பின் முன்முனையோ மூட்டுக் குருத்தெலும்போ காயமுறலாம்.

ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருத்தல்

ஆணியின் மேல்முனை எலும்புக்குள் முழுமையாகப் புதையாமல் வெளியே நீட்டியிருந்தால் அது தசைநாணை உராயும். ஆயினும் முனை நீட்டியிருப்பதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. ஆணி முற்றிலும் புதைந்தவர்களுக்கும் வலி உண்டு. நீட்டியிருந்தும் வலியற்றோரும் உண்டு. மேல்முனையில் உள்ள குறுக்குத் திருகாணியின் தலை தோலுக்கடியில் தட்டுப்பட்டு வலிப்பதும் உண்டு. இது எளிதில் கண்டறிந்து நீக்கத்தக்க காரணமாகும்.

தசை வலுவிழப்பு

முறிவுக்குப் பின் காலைப் பயன்படுத்தாமையால் தொடையின் முன்புறத் தசை விரைவாக மெலிகிறது. அதனால் முழங்காற்சில்லின் இயக்கம் சீர்குலைந்து, சில்லின் பின்பரப்பில் வலி தோன்றலாம். தம்பெரே குழுவின் பிந்தைய ஆய்வுகளும் தொடைத்தசை வலுவிழப்புக்கும் முழங்கால் வலிக்கும் தொடர்பு இருப்பதைச் சுட்டின.

விபத்தின்போதே ஏற்பட்ட காயம்

இருசக்கர வண்டி விபத்து போன்ற பலத்த மோதல்களில், கணைக்கால் முறிவுடன் முழங்காலின் இணைநார்களும் பிறைக் குருத்தெலும்பும் சேர்ந்தே காயமுறலாம். கண்ணுக்குத் தெரியும் முறிவு கவனத்தை ஈர்ப்பதால் இக்காயங்கள் தொடக்கத்தில் விடுபட்டுப் போவதுண்டு. எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னர் முழங்கால் நிலையின்றித் தளர்வது இதன் அடையாளமாகும்.

பிற கணைக்கால் முறிவுகளில் முழங்கால் வலி

முறிவு எலும்பின் தண்டில் அல்லாமல் மேல்முனையில், அதாவது மூட்டுப் பரப்பிலேயே ஏற்பட்டிருந்தால் வலியின் தன்மை வேறு. இவ்வகை முறிவுகளுக்குப் பொதுவாகத் தகடும் திருகாணிகளும் பொருத்தப்படுகின்றன. ஷாட்ஸ்கர் என்பவர் 1979 ஆம் ஆண்டில் வகுத்த ஆறு வகைகள் கொண்ட பாகுபாடு இம்முறிவுகளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. மூட்டுப் பரப்பு நசுங்கியதாலோ சமமாகப் பொருந்தாமையாலோ குருத்தெலும்பு படிப்படியாகத் தேய்ந்து, காயத்திற்குப் பிந்தைய மூட்டுத் தேய்வு தோன்றலாம். இதில் வலி முழங்காலின் முன்பகுதியில் மட்டும் நிற்பதில்லை; நடக்கும்போதும் நிற்கும்போதும் மூட்டு முழுவதும் வலிக்கும்; காலையில் விறைப்பும் வீக்கமும் இருக்கும். எனவே தமக்கு ஏற்பட்ட முறிவு எவ்வகையைச் சார்ந்தது என்பதை நோயாளி அறிந்து வைத்திருத்தல் நன்று.

நோயறிதல்

மருத்துவர் முதலில் வலி எங்கு, எப்போது, எச்செயலின்போது வருகிறது என்பதைக் கேட்டறிவார். பின்னர் தழும்பு, தொடைத்தசையின் சுற்றளவு, முழங்காலின் மடங்கும் அளவு, இணைநார்களின் உறுதி, தோலின் உணர்ச்சி ஆகியவற்றைச் சோதிப்பார். ஊடுகதிர்ப் படம் மூன்று வினாக்களுக்கு விடை தருகிறது: எலும்பு கூடிவிட்டதா, ஆணியின் முனை நீட்டியுள்ளதா, திருகாணிகள் முறிந்தோ தளர்ந்தோ உள்ளனவா என்பனவே அவை. தசைநாணின் நிலையை மீயொலிச் சோதனை மூலம் காணலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் உலோகத்தின் அருகே உருவம் சிதைந்து தெரிவதால் அதன் பயன் ஓரளவே.

வலியின் அளவை எண்ணால் குறிக்க லிஷோம் அளவுகோல், குஜாலா அளவுகோல் ஆகியவை பயன்படுகின்றன. இரண்டும் 100 புள்ளிகள் கொண்டவை. பின்லாந்தைச் சேர்ந்த குஜாலா 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல், முழங்காலின் முன்பகுதி வலிக்கென்றே அமைந்த 13 வினாக்களைக் கொண்டது. எனினும் இவ்வளவுகோல்கள் மண்டியிடுதல் பற்றிப் போதிய இடம் தரவில்லை என்பது ஒரு குறையாகும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

பின்வரும் அறிகுறிகள் பொதுவான முழங்கால் வலியைச் சேர்ந்தவை அல்ல. இவை தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும்:

- காய்ச்சல், முழங்கால் சிவந்து சூடாதல், தழும்பிலிருந்து நீரோ சீழோ வடிதல்: நோய்த்தொற்றின் அடையாளங்கள்.
- முறிந்த இடத்திலேயே எடை வைக்கும்போது வலி நீடித்தல்: எலும்பு கூடாமை அல்லது ஆணி முறிவு.
- கெண்டைக்கால் வீங்கி வலித்தல், அத்துடன் மூச்சுத் திணறல்: சிரைக்குள் குருதி உறைதலும், உறைகட்டி நுரையீரலை அடைதலும்.
- அறுவைக்குப் பின் சில நாட்களுக்குள் காலில் தாங்க இயலாத, மருந்துக்கு அடங்காத வலி, விரல்களை அசைத்தால் மிகுதல்: தசையறைகளில் அழுத்தம் கூடியிருத்தல். இது சில மணி நேரத்திற்குள் அறுவை தேவைப்படும் அவசர நிலையாகும்.

மருத்துவம்

அறுவையில்லா மருத்துவம்

பெரும்பாலோருக்கு இதுவே முதல் வழியாகும். இயன்முறை மருத்துவர் துணையுடன் தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சிகள், முழங்காலை முழுமையாக நீட்டவும் மடக்கவும் உதவும் பயிற்சிகள், முழங்காற்சில்லை மெல்ல அசைத்துத் தளர்த்தல், தழும்பை நீவிக் கூச்சத்தைக் குறைத்தல் ஆகியவை மேற்கொள்ளப்படுகின்றன. பயிற்சிகளைச் சில வாரங்களில் நிறுத்திவிடாமல் பல மாதங்கள் தொடர வேண்டும். மண்டியிட நேரும்போது தடித்த மெத்தையோ முழங்கால் உறையோ பயன்படுத்தலாம். வலிநீக்கி மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி நெடுங்காலம் உட்கொள்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்காகும். நரம்புக் காயம் ஐயுறப்பட்டால், மரப்பு மருந்தை அவ்விடத்தில் ஊசி மூலம் செலுத்திப் பார்ப்பதுண்டு. வலி உடனே அகன்றால் நரம்பே காரணம் என்பது உறுதிப்படும்.

ஆணியை அகற்றுதல்

எலும்பு முழுமையாகக் கூடிய பின்னரே, பொதுவாக அறுவை நடந்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, ஆணியை அகற்றுவது பற்றி எண்ணப்படுகிறது. முன்னர்க் குறிப்பிட்ட எடின்பரோ ஆய்வில் வலி காரணமாக 62 பேருக்கு ஆணி அகற்றப்பட்டது. அவர்களுள் 27 விழுக்காட்டினருக்கு வலி முற்றிலும் நீங்கியது. 69 விழுக்காட்டினருக்குக் கணிசமாகக் குறைந்தது. 3 விழுக்காட்டினருக்கு மிகுந்தது. அதாவது ஆணியை அகற்றுதல் பலருக்கு உதவுகிறது; ஆனால் வலி அடியோடு மறையும் என்ற உறுதியை நான்கில் மூவருக்கு அது தருவதில்லை. ஆணி நுழைந்தபோது உண்டான தழும்பும் நரம்புக் காயமும் ஆணி வெளியேறிய பின்னும் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணமாகலாம்.

அகற்றும் அறுவையிலும் இடர்கள் உள்ளன. மீண்டும் மயக்க மருந்து தேவை. அதே இடத்தில் மீண்டும் வெட்ட வேண்டியிருப்பதால் நரம்பு மறுபடியும் காயமுறலாம். நோய்த்தொற்று ஏற்படலாம். திருகாணித் துளைகள் நிரம்பும் வரை எலும்பு சற்று வலுக்குறைந்திருக்கும். வலி இல்லாதவர்கள் ‘உடலில் இரும்பு இருக்கக் கூடாது’ என்பதற்காக மட்டும் ஆணியை அகற்றிக்கொள்ளத் தேவையில்லை. இவ்வாணிகள் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கேற்ற உலோகங்களால் செய்யப்பட்டவை. மேல்முனைத் திருகாணி மட்டுமே தொல்லை தருவதாயின், அதனை மட்டும் சிறு வெட்டின் மூலம் எடுத்துவிடலாம்.

தடுப்பு முறைகள்: சில்லுக்கு மேலிருந்து செலுத்துதல்

வழக்கமான முறையில் முழங்காலை 90 பாகைக்கு மேல் மடக்கி, சில்லின் கீழிருந்து ஆணி செலுத்தப்படுகிறது. இதற்கு மாற்றாக, முழங்காலை 10 முதல் 20 பாகை வரை மட்டும் மடக்கி, சில்லுக்கு மேல் சிறு வெட்டிட்டு, சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே பாதுகாப்புக் குழாய் ஒன்றை நுழைத்து, அதன் வழியே ஆணியைச் செலுத்தும் முறை 2000களுக்குப் பின் பரவி வருகிறது. எலும்பின் மேற்பகுதியில் ஏற்படும் முறிவுகளை நேராக நிறுத்த இம்முறை உதவுகிறது. மண்டியிடும்போது தரையில் படும் இடத்தில் தழும்பு அமையாதது இதன் மற்றொரு நன்மையாகும். இம்முறையில் முழங்கால் வலி குறைவாக இருப்பதாகச் சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வுகள் சில காட்டியுள்ளன. 2019 ஆம் ஆண்டில் பல மருத்துவமனைகளில் நடத்தி வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு அவற்றுள் ஒன்று. எனினும் கருவிகள் மூட்டின் உள்ளே செல்வதால் சில்லின் குருத்தெலும்பு காயமுறும் வாய்ப்பும், பிற்காலத்தில் ஆணியை அகற்ற நேர்ந்தால் பெரும்பாலும் சில்லின் கீழே தனி வெட்டுத் தேவைப்படுவதும் கவனத்திற்குரியன.

நீண்டகாலப் போக்கு

தம்பெரே குழு தன் நோயாளிகளை எட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, பலருக்கு வலி தானாகவே மறைந்திருந்தது. மாறாக, 2008 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 14 ஆண்டுகளுக்குப் பின்னரும் வினவப்பட்டோரில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் மிதமான அளவிலேனும் முழங்கால் வலி இருப்பதாகக் கூறினர். ஆயினும் அவர்களது பொதுவான உடல் இயக்கத்திறன் மற்ற மக்களுடையதை ஒத்தே இருந்தது. இவ்விரு முடிவுகளையும் சேர்த்து நோக்கினால், வலி காலப்போக்கில் சிலருக்கு மறையலாம், சிலருக்கு எஞ்சலாம், ஆனால் பெரும்பாலோரின் நடமாட்டத்தை அது முடக்குவதில்லை என்று கொள்ளலாம்.

வாழ்க்கை முறையும் நோயாளியின் முடிவும்

இவ்வலியின் சுமை ஒருவரின் வாழ்க்கை முறையைப் பொறுத்தது. நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் ஒருவருக்கு மண்டியிட முடியாமை சிறு குறையாகத் தோன்றலாம். ஆனால் தரை ஓடு பதிப்பவர், நாற்று நடுபவர், களையெடுப்பவர், நெசவாளர் போன்றோருக்கு அதுவே தொழில் இழப்பாகலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தரையில் சம்மணமிட்டு அமர்தலும், குந்தியமரும் கழிப்பறையும் இன்னும் பரவலாக உள்ளன. தொழுகையின்போதும் தேவாலய வழிபாட்டின்போதும் மண்டியிட வேண்டியுள்ளது. மேலைநாட்டு ஆய்வுகளின் அளவுகோல்கள் இத்தேவைகளை முழுமையாக அளப்பதில்லை.

ஆகவே அறுவைக்கு முன்பே, முழங்கால் வலி வரக்கூடும் என்பதையும், எலும்பு கூடுவதற்கு அது தடையல்ல என்பதையும் நோயாளிக்குத் தெரிவிப்பது அவசியமாகும். நோயாளியும் தமது தொழில் என்ன, தரையில் அமர்ந்தும் மண்டியிட்டும் செய்யும் வேலைகள் எவை என்பதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். எவ்வழியாக ஆணியைச் செலுத்துவது, பின்னர் அதனை அகற்றுவதா வேண்டாமா என்னும் முடிவுகளுக்கு இச்செய்திகள் ஊடுகதிர்ப் படத்தைப் போலவே இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்க

- கணைக்கால் உள்ளெலும்பு
- முழங்கால் மூட்டு
- எலும்பு முறிவு
- முழங்காற்சில்லு
- இயன்முறை மருத்துவம்